அத்தையின் கண்ணுக்குத் துணை போனேன்

ஆஸ்பத்திரியில் நோயாளியின் நாடியைப் பிடித்துப் பார்ப்பார்கள், நாக்கை நீட்டச் சொல்லிப் பார்ப்பார்கள். துணைக்கு வந்தவன் நிற்கத் தகுந்தவன்தானா என்று மட்டும் யாரும் பார்ப்பதில்லை. பார்த்திருந்தால் என் மானம் பிழைத்திருக்கும்.

நாஞ்சில் நாடு திருவிதாங்கூர்–கொச்சியோடு இருந்த காலம். எனக்குக் கல்யாணமாகி முதல் கன்னிப்பூ நெல் அறுவடைகூட முடியவில்லை. மாமியாருக்கு (அத்தை என்றுதான் கூப்பிடுவேன்) இரண்டு கண்ணிலும் புரை. வாசலில் நிற்பது மாடா மருமகனா என்பதைச் சத்தத்தை வைத்துத்தான் கண்டுபிடிப்பார். நானும் என் மனைவியும் அவரை பஸ்ஸில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

டாக்டரம்மா எல்லாம் சோதித்துவிட்டு, உங்களுக்கு என்ன வேண்டும் என்று அத்தையிடம் கேட்டார். அப்படி ஒரு கேள்வியை அத்தையிடம் அதுவரை யாரும் கேட்டதில்லை.

"முழிச்சிட்டுக் கிடக்கும்போதே கண்ணுல கத்தி வைப்பியளாமே. எனக்க கையைப் பிடிச்சிட்டு நம்ம ஆளு ஒருத்தர் நிக்கணும். வேற ஒண்ணும் வேண்டாம்."

வழக்கமில்லைதான், ஆனாலும் டாக்டரம்மா சம்மதித்தார். மனைவி அப்போதே அழுதுகொண்டிருந்தாள். நான் நெஞ்சை நிமிர்த்தி, நான் நிற்கிறேன் என்றேன். (புது மாப்பிள்ளை முறுக்கு!) மனைவி அழுகையை நிறுத்திவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

உள்ளே அத்தையின் தலைக்கு இரண்டு பக்கமும் மணல் மூட்டை வைத்து, இம்மிகூட அசையக்கூடாது என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். என்னிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. மரத்துப்போக மருந்து விட்டு, இமையைக் கம்பியால் விரித்து வைத்தார்கள். அந்தக் கண் என்னையே பார்த்தது. கத்தி கிட்டே வந்தது. அத்தையின் கை நடுங்கவில்லை. அப்படியானால் நடுங்குவது யாருடைய கை என்று யோசித்தது வரை நினைவிருக்கிறது.

விழித்தபோது ஒரு கட்டிலில் கிடந்தேன். தலையில் கட்டு. வலிக்கு முன்னால் கேள்விகள்தான் வந்தன. பிடித்த கையோடு விழுந்தேனா? அப்போது கத்தி எங்கே இருந்தது? அத்தையைக் குருடாக்கிவிட்டேனா? பக்கத்திலிருந்த மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு உயிரே போய்விட்டது.

கடைசியில் அவள்தான் சொன்னாள். நான் சாயும்போதே அத்தை பிடியை விட்டுவிட்டாராம். என் தலை இரும்பு முக்காலியில் மோதிய சத்தத்தில் நர்சு அலறியிருக்கிறாள், டாக்டரம்மா கத்தியைப் பின்னுக்கு இழுத்திருக்கிறார். அசையாமல் கிடந்தது அத்தை ஒருவர்தான். உதடு மட்டும் அசைந்ததாம்.

"மொதல்ல மாப்பிள்ளயப் பாருங்க. எனக்க கண்ணு எங்கயும் ஓடிப் போவாது."

அந்தக் கண் நன்றாகவே தேறியது. என் நெற்றிக்குத்தான் தையல். அத்தை கண்கட்டோடு மல்லாந்து கிடக்க, அடுத்த அறையில் நான் தலைக்கட்டோடு கிடக்க, மனைவி ஒரே சட்டியில் கஞ்சி வாங்கி இரண்டு பேருக்கும் ஊட்டினாள். குறை ஏதும் உண்டா என்று டாக்டரம்மா கேட்டபோது, ஒரு குறையும் இல்லை, அடுத்த கண்ணுக்கு மாப்பிள்ளை மட்டும் வெளியே இருக்கட்டும் என்றாராம் அத்தை.

பின்னால் தடித்த கண்ணாடி வந்தது. அன்றுதான் அத்தை என்னை முதன்முதலாகத் தெளிவாகப் பார்த்தார். நெற்றித் தழும்பில் பார்வை வெகுநேரம் நின்றது.

"மாப்பிள்ள கொள்ளாம், நல்லாத்தான் இருக்காரு," என்றார். "தையலும் கொள்ளாம்."

இன்றைக்கும் எங்கள் குடும்பத்தில் யாருக்காவது ஊசி போடுவதென்றால், முதலில் எனக்குத்தான் நாற்காலி போடுவார்கள்.