ஓலையை விழுங்கிய புதிய பதிப்பு

'எல்லோரையும் கேட்டுத்தான் செய்தேன்' என்கிறோமே, அந்த எல்லோரும் யார்? என் திருமணம் தள்ளிப்போன பிறகே இந்தக் கேள்வி எனக்கு எழுந்தது.

தொண்ணூறுகளின் பிற்பாதி. பகலில் தரமணியில் ஆய்வு உதவியாளன் வேலை. மாலையில் நண்பர்களோடு சேர்ந்து, தமிழில் தட்டச்சு செய்து அச்சிடும் இலவச மென்பொருள் ஒன்றைப் பராமரித்தேன். மூலநிரல் யாவருக்கும் திறந்தது. (சமூகத் தொண்டு என்று சொல்லிக்கொள்வேன், கேட்காதவர்களிடமும் சொல்வேன்.) பழைய ஊசி அச்சுப்பொறிகளோடு, அதாவது டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர்களோடு, பேசுவதற்கென்று அதில் ஒரு பகுதி இருந்தது, எங்கள் வட்டத்தில் அதற்கு 'பேக்எண்ட்' என்று பெயர். எதைத் திருத்தினாலும் அது முறுக்கிக்கொள்ளும். நீக்கிவிடலாமா?

சர்வாதிகாரியாக முடிவெடுக்க மனம் ஒப்பவில்லை. மின்னஞ்சல் குழுவில், "இதை யாரேனும் பயன்படுத்துகிறீர்களா?" என்று பணிவாகக் கேட்டுக் காத்திருந்தேன். ஒருவரும் பதில் எழுதவில்லை. முழு ஜனநாயக முறைப்படி வெட்டி எறிந்தேன்.

புதிய பதிப்பைப் பட்டினப்பாக்கத்தை ஒட்டிய எங்கள் பங்கு ஆலயத்துக்கே முதலில் அளித்தேன். ஞாயிறு பூசையில் வாசிக்கும் அறிவிப்புகளைப் பங்குத் தந்தை எங்கள் மென்பொருளில்தான் அடிப்பார். அந்த வாரம் எனக்கும் ஸ்டெல்லாவுக்கும் திருமண ஓலை தொடங்க வேண்டும். இன்னார் இன்னாரை மணக்கவிருக்கிறார், தடை அறிந்தோர் தெரிவிக்கலாம் என்று மூன்று ஞாயிறு வாசித்தால்தான் தாலி. தவக்காலத்துக்கு முன் மிச்சமிருந்ததும் மூன்றே ஞாயிறு. அதை விட்டால் ஈஸ்டர் முடியும்வரை கல்யாணம் கிடையாது. மண்டபத்துக்கும் பிரியாணிக்காரருக்கும் சொல்லியாயிற்று.

சனிக்கிழமை ஆலய அலுவலகக் கணினியில் நானே நிறுவினேன். திரையில் எழுத்துகள் முத்து முத்தாக நின்றன. அச்சுப்பொறியின்மேல் பூவேலை செய்த துணி போர்த்தியிருந்தது. அதை விலக்கிப் பார்ப்பது மரியாதையாகப் படவில்லை.

மறுநாள் முதல் மணி அடித்தபின் ஃபாதர் அச்சிட்டிருக்கிறார். துணிக்கடியில் இருந்தது ஊசி அச்சுப்பொறி. தாள் முழுக்கக் கட்டங்களும் கேள்விக்குறிகளும். இரண்டாம் மணியும் அடித்துவிடவே, மேசையில் கிடந்த போன வாரத் தாளோடு பீடம் ஏறிவிட்டார். எங்கள் பெயர் வரவில்லை. முந்தின நாள் மணமுடித்து, மருதாணி மாறாமல் முன்வரிசையில் அமர்ந்திருந்த தம்பதிக்குத் தடை ஏதும் உண்டா என்று நான்காம் முறையாக ஊரறிய விசாரிக்கப்பட்டது. மணப்பெண் கணவனை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

பூசை முடிந்ததும் ஸ்டெல்லா என்னை வாசலில் பிடித்தாள்.

"யாரைக் கேட்டு அதைத் தூக்குனீங்க?"

"எல்லாரையும் கேட்டேன். மெயில்ல."

"நம்ம பங்குல யாராண்ட மாமா மெயில் கீது?" என்றான் பின்னால் நின்ற அவள் தம்பி. "ஃபாதர் போனே பாதி நாள் டெட்டு!"

ஃபாதர் என் தோளில் கை போட்டார். "ஒரு ஓலை குறைச்சுக்க பிஷப்புகிட்ட விலக்கு கேக்கலாம்பா. ஆனா காரணம்னு என்ன எழுதறது? தடை மாப்பிள்ளையேன்னா?"

அவர் கேட்கவுமில்லை. ஈஸ்டருக்குப் பின், சித்திரை வெயிலில், கோட்டு நனைய நனையத் தாலி கட்டினேன். இன்றும் நான் வீட்டில் ஒரு பழைய வாளியைத் தூக்கியெறியப் போனால், "மெயில் போட்டுக் கேட்டீங்களா?" என்கிறாள் ஸ்டெல்லா.

அந்தப் பேக்எண்டை அந்த ஞாயிறு மாலையே திரும்பச் சேர்த்துவிட்டேன். அதன்பின் எதை நீக்குவதென்றாலும், முதலில் நேரில் போய்த் துணியை விலக்கிப் பார்க்கிறேன்.