மலர்விழி ஒட்டிய விரிசல்

திண்டிவனம்,
வியாழக்கிழமை

முகையூர் மச்சான் திருமுருகன் அவர்களுக்கு, உங்கள் தங்கை கவிதாவின் கணவன் சீனுவாசன் வணங்கி எழுதுவது. இங்கு மூவரும் நலம். அங்கு நீங்களும் அக்காவும் மல்லாட்டைப் பயிரும் நலமென்று நம்புகிறேன்.

நம் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு நீங்கள் வாங்கித் தந்த மைக்ரோவேவ் அடுப்பில் உங்கள் மருமகள் மலர்விழி தார் ரோடு சமைத்தாள். பதற வேண்டாம், விழுப்புரத்தில் அவள் படிக்கும் எம்.இ. படிப்புக்காகத்தான். இரும்பு நாரை நறுக்கித் தாரில் கலந்து ரோடு போட்டால், பின்னால் விரிசல் விடும்போது மைக்ரோவேவ் சூடு காட்டினால் போதுமாம். உள்ளேயுள்ள இரும்பு சூடேறி, தார் இளகி, விரிசல் மூடிக்கொள்ளுமாம். நான் இருபத்தெட்டு வருடம் சாலைப் பணியாளனாக விரிசலில் தார் ஊற்றியவன். ஊற்றியதில் ஒன்றுகூட அடுத்த ஐப்பசி மழையைத் தாண்டியதில்லை. அதனால் நம்பவில்லை. "நீ நார மட்டும் நறுக்கிக் குடுப்பா, நம்பறத அப்புறம் பாத்துக்கலாம்" என்றாள்.

நறுக்கினேன். பாத்திரம் தேய்க்கும் நார்தான். இவ்வளவு அடிப்பிடிக்கும்படி அப்படி என்ன சமைக்கிறீர்கள் என்று மளிகைக் கடை ராஜாமணி விசாரித்ததில் கவிதாவுக்கு மானம் போனது. செங்கல் அளவில் தார்க்கட்டி செய்தோம். முதல் கட்டியில் நார் உருண்டையாய்த் திரண்டு நின்றதால் அடுப்புக்குள் பொறி பறந்தது. மெயினை அணைக்க ஓடிய நான் கலவை வாளியில் கால் விட்டேன், செருப்பு இன்னும் அதிலேயே இருக்கிறது. இரண்டாவது கட்டி சூடு மிஞ்சிக் கேப்பைக் கூழாய்ப் பரவியது. வீடெல்லாம் தார் வாசனை. கவிதா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, மகளோடு பேசினாள். மூன்றாவதில் நாரைக் குட்டையாக நறுக்கி உதிரியாகத் தூவினோம். கட்டியில் விரிசல் விழவைத்து, சூடு காட்டி, ஆறவைத்து மலர்விழி என்னிடம் கொடுத்தாள். கண்ணாடி போட்டுத் தேடினேன் மச்சான், விரிசலைக் காணோம்.

அப்புறம் விழுப்புரத்தில் பொறியாளர்கள் முன்னால் சோதனை. அடுப்பை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். அங்கே பெரியவர் ஒருவர் சிரித்து, "இன்னாம்மா, ரோட்டுக்கு ஒத்தடம் குடுக்கப் போறியா?" என்றார். மலர்விழி கட்டியை இயந்திரத்தில் வைத்து உடைத்தாள், அடுப்பில் ஒட்டவைத்து ஆறவிட்டாள், மறுபடி இயந்திரத்தில் வைத்தாள். பழைய இடத்தில் உடையவில்லை. தள்ளி வேறு இடத்தில் உடைந்தது. சிரித்தவர் குனிந்து தடவிப் பார்த்து, "எங்க ஒட்டனன்னே தெரியலியே" என்றார். கைதட்டும் இடமா என்று தெரியாமல் நான் தட்டிவிட்டேன். எல்லோரும் திரும்பினார்கள். "எங்க அப்பாங்க. ரோட்டு வேலையில இருந்தவரு. நாரு நறுக்கனது அவருதான்" என்றாள் மலர்விழி. பணி ஓய்வுக்குச் சால்வை போர்த்தியபோதுகூட எனக்குக் கண் கலங்கவில்லை.

எங்கள் தெருமுனையில் இருபது அடி ரோடு போட்டுப் பார்க்க அனுமதித்தார்கள். போன வாரம் போட்டாகிவிட்டது. தினமும் காலையில் போய் நின்று பார்க்கிறேன். நீங்களும் அக்காவும் ஞாயிற்றுக்கிழமை அவசியம் வந்து அதன்மேல் நடக்க வேண்டும்.

மயிலம் முருகன் உங்கள் வீட்டையும் நிலத்தையும் குறையில்லாமல் காக்கட்டும்.

அன்புள்ள,
சீனுவாசன்

பி.கு.: ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம். தபாலில் போடப் போகையில் பார்த்தேன், குழாய் பதிக்க வந்தவர்கள் இருபது அடியையும் தோண்டிவிட்டார்கள். பள்ளத்துக்குச் சூடு காட்டலாமா என்று மகளிடம் கேட்டேன், விரிசலுக்கு மட்டும்தானாம். ஆனால் தோண்டியவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "இன்னா ரோடுங்க இது? மத்ததெல்லாம் ஜல்தியா பேத்துட்டேன், இதோட மட்டும் காலையில இருந்து மல்லுக்கட்டிக்கினு இருந்தேன்" என்றார். சாட்சிக்கு இருக்கட்டுமென்று அவர் பெயரையும் போன் நம்பரையும் வாங்கி மலர்விழியிடம் கொடுத்திருக்கிறேன்.