ஆள் சூடு

தன் காரைத் தானே கெடுப்பது என்று பொன்ராஜ் முடிவுக்கு வந்தது, சகலை குடும்பம் விருதுநகர் வீட்டில் வந்து இறங்கிய ஒன்பதாம் நாள்.

கார் அவருக்கு உயிர். உலகப் போருக்கு முந்தின பெரிய அமெரிக்கக் கார். சிவகாசியில் பட்டாசு லேபிள் அச்சடிக்கிற சொந்தக் கம்பெனியின் தயவில் வாங்கியது. மெட்ராஸில் நொறுங்கிக் கிடந்த வேறொரு காரின் குளிர் மெஷினைக் கழற்றி வந்து, ஒரு வருஷம் மல்லுக்கட்டி இதில் மாட்டியிருந்தார். அறுபத்து நாலாம் வருஷக் கோடையில், கண்ணாடியை ஏற்றிவிட்டு ஊருக்குள் போன கார் அது ஒன்றுதான்.

அந்தச் சேதி நாசரேத் வரைக்கும் போனதுதான் வினை. மனைவி ஞானஜோதியின் அக்கா ஞானசுந்தரி, அவள் புருஷன் கிறிஸ்துராஜ், மூன்று பிள்ளைகள் என்று ஐந்து பேர் லீவுக்கு வந்துவிட்டார்கள். காலையில் ஒரு சுற்று. மத்தியானம் சாப்பிட்டதும் தூங்குவதற்கென்று ஒரு சுற்று. பிள்ளைகள் பின் சீட்டில் முறுக்கை நொறுக்கினார்கள். பொன்ராஜ் சொந்தக் காருக்கே டிரைவர் ஆகிப்போனார்.

குளிர் நின்றால் கூட்டம் கலையும் என்று நினைத்தார். எஞ்சினிலிருந்து குளிர் மெஷினைச் சுற்ற வைக்கும் பெல்ட்டை, ஸ்பேனர் வைத்துத் தளர்த்திவிட்டார். அன்று மத்தியானம் சூலக்கரை போய்த் திரும்புவதற்குள் ஏழு பேரும் இட்லிச் சட்டியிலிருந்து இறங்குகிற மாதிரி ஆவி பறக்க இறங்கினார்கள்.

கூட்டம் கலையவில்லை. ஞானஜோதி வைத்தியத்தில் இறங்கிவிட்டாள். ஆஸ்பத்திரி நர்ஸ் அவள். வார்டில் மாட்டுகிற தெர்மாமீட்டரைக் கேட்டு வாங்கி வந்து, வெளியே நூற்றிரண்டு, உள்ளே நூற்றாறு என்று எழுதிக்கொண்டு, என்ன காரணம் என்று கேட்டாள்.

முன்பக்கத்துக் கம்பி வலையில் தூசி அடைத்திருக்கிறது என்றார். மறுநாள் டூட்டிக்குப் போகுமுன் பல் தேய்க்கும் பிரஷ்ஷால் அதைத் தேய்த்துக் கழுவியிருந்தாள். எஞ்சின் சூடு தரை ஓட்டை வழியாக ஏறுகிறது என்றார். ஓட்டைக்குப் பஞ்சு வைத்து, எலும்பு முறிவுக்குப் போடுகிற மாவுக்கட்டே போட்டுவிட்டாள். குளிர் மெஷினில் அடைத்த கேஸ் கசிந்திருக்கும் என்றார். குழாய் இணைப்பிலெல்லாம் சோப்பு நுரை தடவி உட்கார்ந்து பார்த்தாள். ஒரு குமிழி வரவில்லை. அந்தக் கார் அத்தனை ஆரோக்கியமாக ஒருநாளும் இருந்ததில்லை. பொன்ராஜுக்குத்தான் உடம்பு காய்கிற மாதிரி இருந்தது.

அதற்குள் குற்றாலத்தில் சாரல் விழுகிறதாம் என்று கிளம்பிவிட்டது பேச்சு. சனிக்கிழமை பயணம் என்று பிள்ளைகள் துண்டு மடித்து வைத்தார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பொன்ராஜ் கைவசமிருந்த கடைசிக் காரணத்தை எடுத்தார்.

"மெஷின் மேல குத்தமில்ல, ஜோதி. ஆள் சூடு. ஏழு பேர் மூச்சு விட்டா எந்த மெஷின் தாங்கும்?"

"ஆள் கொறைஞ்சா தாங்குமா?"

"தாங்கும். அதுலயும் சூட்டு உடம்புக்காரங்க ஏறவே கூடாது."

அவர் மனசில் வைத்துச் சொன்னது நல்ல பருமனான கிறிஸ்துராஜை. அவர் வராவிட்டால் பெண்டாட்டி பிள்ளை யாரும் கிளம்ப மாட்டார்கள். ஞானஜோதி தலையாட்டினாள். சாப்பாடு முடிந்ததும் வரிசையாக எல்லார் வாயிலும் காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டரை வைத்துக் குறித்துக்கொண்டாள்.

காலையில் பொன்ராஜ் தலை சீவிக்கொண்டு வாசலுக்கு வந்தார். சகலை குடும்பம் காரில் ஏறியாகிவிட்டது. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கிறிஸ்துராஜ். நாசரேத்தில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர் அவர்.

ஞானஜோதி ராத்திரி குறித்த காகிதத்தைப் பார்த்துச் சொன்னாள். "எல்லாருக்கும் தொண்ணூத்தெட்டுக்குள்ளதான் இருக்கு. உங்களுக்கு மட்டும் தொண்ணூத்தொம்பது புள்ளி நாலு. நீங்க பஸ்ஸுல வந்திருங்க."

அவர் வாய் திறப்பதற்குள் இன்னொன்றும் சொன்னாள். "பெல்ட்டும் லூசா இருந்துச்சாம். அத்தான் ராத்திரியே முறுக்கிட்டாரு. யாரோ ஸ்பேனர் வச்சுக் கழட்டுன மாதிரி இருந்துச்சுன்னாரு."

"அப்ப மெஷின் சரியாயிருச்சுல்ல? நானும் ஏறிக்கிறேனே."

"நீங்க சொன்னதை நாங்க மீறலாமா?" என்று காரில் ஏறிக் கதவைச் சாத்தினாள்.

பஸ்ஸில் அவருக்குக் கிடைத்தது எஞ்சினை ஒட்டின சீட்டு. சிவகாசி தாண்டுவதற்குள் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் வழியில் ரயில்வே கேட் சாத்தியிருந்தது. காரில் முன்னால் கிளம்பினவர்கள் வழியில் எங்கேயோ பலகாரம் சாப்பிட நின்றிருப்பார்கள். பின்னால் வந்த கார் பஸ்ஸை ஒட்டி நின்றது. பிள்ளைகள் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஞானஜோதி கண்ணாடியை இறக்கி அண்ணாந்து பார்த்தாள்.

"என்னங்க, உள்ள ஒரே நடுக்கமா இருக்கு. குளிரைக் கொறைக்க எந்தத் திருகைத் திருகணும்?"

நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு, பொன்ராஜ் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிச் சொல்லிக்கொடுத்தார்.