வாத்துப் பண்ணையும் விவாகரத்துப் பத்திரமும்

விவாகரத்து செய்வது என்று முடிவெடுத்துவிட்டேன். முப்பத்து நான்கு வருஷம் எல்லாவற்றையும் பொறுத்தவன், வாத்து விஷயத்தில் பொறுக்க முடியவில்லை.

ஊருக்கு வெளியே மாவ்பியில் வாத்துப் பண்ணை போடத் திட்டம். நானும் என் சிநேகிதன் கமாலும் கூட்டு. நகரசபையில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வுபெற்ற எனக்கு மாசாமாசம் பென்ஷன் வருகிறது. அதைப் போட்டு முன்னுக்கு வரலாம் என்று நினைத்தேன். தப்பா? என் மனைவி நீலாம்பாள் ஒரே பேச்சில் முடித்துவிட்டாள்.

"வீட்டுல இருக்கிற ஒரு வாத்தை மேய்க்கவே எனக்கு நேரம் பத்தலை."

எங்கள் பேட்டையான தின்கன்ஜூனில், தேத்தண்ணிக் கடையில் கமால்தான் வழி சொன்னான்.

"வக்கீலுக்கு எதுக்கு அண்ணே தெண்டம்? நீங்களே எழுதுங்க. பென்ஷன்ல பாதி அவங்களுக்கு, பாதி உங்களுக்கு. ரெண்டு பேரும் சம்மதிச்சுக் கையெழுத்து. உங்க பாதியில வாத்து!"

அன்றே உட்கார்ந்து எழுதினேன். பர்மிய மொழியில், ஆபீஸ் நடையில், மூன்று பக்கம். படித்துப் பார்த்தபோது எனக்கே என் மேல் மரியாதை வந்தது.

பத்திரத்தைக் காட்டியதும் நீலாம்பாள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் மீன் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"பென்ஷன்ல பாதியா?"

"சரிபாதி."

"தாராளம்தான். எனக்குச் சம்மதம்."

கொஞ்சமாவது யோசிக்கக் கூடாதா?

"ஆமா, இதுல என்னை யாருன்னு எழுதியிருக்கீங்க?"

"மனைவின்னு."

"நான் உங்க மனைவின்னு எந்தக் காயிதத்துல இருக்கு?"

எங்கள் பர்மாத் தமிழ் ஜனத்தில் பலருக்கும் போலத்தான் எங்களுக்கும். கோயிலில் தாலி, ஊருக்குச் சோறு, அதோடு கல்யாணம் முடிந்தது. பதிவும் கிடையாது, பத்திரமும் கிடையாது.

"கட்டினதுக்கே ருசு இல்லை. அத்துக்கிட்டேன்னா எவன் ஒத்துக்குவான்? பாதி பென்ஷன் இந்தம்மாவுக்கு எதுக்குன்னு கேப்பான். முதல்ல அதைச் சரி பண்ணுங்க."

என்ன மூளை! ஆபீசில் என் மேலதிகாரிகளுக்குக்கூட இவ்வளவு கிடையாது.

மூன்று வாரம் நாயாய் அலைந்தேன். கோயில் கமிட்டியில் ஒரு கடிதம், வார்டு ஆபீசில் ஒரு முத்திரை. சாட்சிக்குக் கமாலும், எதிர்வீட்டு தியாகராஜனும். ஜோடியாக ஒரு போட்டோ வேறு. போட்டோக்காரன் சிரிக்கச் சொன்னான், சிரித்துத் தொலைத்தேன். பென்ஷன் ஆபீசில் கேள்வி மேல் கேள்வி. "சத்தியமா இவதான் என் மனைவி!" என்று மேசையைத் தட்டினேன். "ஊ உதயசூரியன், உட்காருங்க, நம்புறோம்" என்று, பர்மிய மரியாதைக்கு 'ஊ' சேர்த்துச் சமாதானம் செய்தார்கள்.

கடைசியில் என் பென்ஷன் புத்தகத்தில், மனைவி, வாரிசு என்று அவள் பெயர் ஏறியது. நீலாம்பாள் அதை இரண்டு தரம் படித்துவிட்டுப் பத்திரமாகத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் விவாகரத்துப் பத்திரத்தை நீட்டினேன்.

"போடு கையெழுத்தை."

"மாட்டேன்."

"சம்மதம்னு சொன்னியே!"

"சொல்லாட்டி அலைஞ்சிருப்பீங்களா? உங்களுக்கு ஒண்ணு ஆயிட்டா நான் தெருவுல நிப்பேன், என் பேரைப் பதிஞ்சு வைங்கன்னு பத்து வருஷமாக் கெஞ்சினேன். நாளைக்கு, நாளைக்குன்னீங்க. வாத்துக்குன்னதும் மூணே வாரம்!"

சொல்லும்போதே பென்ஷன் புத்தகம் இருந்த பையை இறுகப் பிடித்துக்கொண்டாள். எனக்குக் கோபம் வரவேண்டும். வரவில்லை. வெட்கமாக இருந்தது. பத்து வருஷம் அவள் பயந்துகொண்டு இருந்திருக்கிறாள், எனக்கு உறைக்கவே இல்லை. கூடவே பெருமையாகவும் இருந்தது. ஒரு பொய்க் கையெழுத்துகூடப் போடாமல் என்னையே ஓடவிட்டு வேலையை முடித்திருக்கிறாளே, கெட்டிக்காரி!

"அப்ப விவாகரத்து?" என்றேன், ஒரு பேச்சுக்கு.

"சும்மா இருங்க. கல்யாணத்தைப் பதிஞ்ச ஈரம் காயலை, அதுக்குள்ள விவாகரத்தாம்! சாட்சிங்க ரெண்டு பேரையும் சாப்பிடக் கூப்பிட்டிருக்கேன்."

என் கையில் சந்தைப் பையைத் திணித்தாள். விவாகரத்து பண்ணக் கிளம்பிய நான், என் கல்யாண விருந்துக்கு வாழையிலை வாங்கப் போனேன்.