தாக்கம் சேரும் எனது வெள்ளைச் சேட்டும்

உலகத்திலுள்ள எதையும் விளங்கப்படுத்தியே குழப்பிவிடக்கூடிய ஒரே மனிதர் எங்கள் தாக்கம் சேர்தான். அவரைப் போல இன்னொருவர் இருந்திருந்தால் கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரைக்கும் ஒருவருக்கும் ஒன்றும் விளங்கியிராது.

எழுபதுகளின் கடைசியில் கல்முனைப் பக்கத்துப் பாடசாலையொன்றில் நான் கணிதம் படிப்பித்தேன். அவர் இரசாயனம். இருவரும் வெளியூர்க்காரர்கள். சாய்ந்தமருதில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து ஒன்றாக இருந்தோம். இரண்டு பொருட்கள் சேர்ந்து வேறொன்றாக மாறுவதை இரசாயனப் புத்தகம் ‘தாக்கம்’ என்று சொல்லும். அவர் எல்லாவற்றையும் அப்படியே சொல்வார். பால் திரைந்தால் தாக்கம். சைக்கிள் செயின் துருப்பிடித்தால் தாக்கம். அதிபரும் உப அதிபரும் சத்தம் போட்டுக்கொண்டால் அது ‘வெப்பம் வெளிவிடும் தாக்கம்’. பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது.

உப்பை உப்பென்று சொல்ல அவருக்கு வாய் வராது. ஒருநாள் பஸ் நிலையத்துச் சாப்பாட்டுக் கடையில், “கொஞ்சம் சோடியம் குளோரைட்டுக் கொண்டு வாங்க” என்றார். பரிமாறியவர் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து, “அது முடிஞ்சி சேர். மாட்டிறைச்சி மட்டுந்தான் இரிக்கி” என்றார்.

எங்கள் இருவரின் வகுப்புகளுக்கும் நடுவில் சுவருக்குப் பதிலாக ஒரு கிடுகுத் தட்டிதான். அதனால் எனது பிள்ளைகளும் இரசாயனம் கேட்டார்கள், நானும் கேட்டேன்.

“சோடியத்துக்கிட்ட ஒரு இலத்திரன் கூடுதலா இரிக்கி. குளோரீனுக்கு ஒண்டு குறையுது. சோடியம் குடுக்குது, குளோரீன் எடுக்குது. ரெண்டும் இழுபட்டு ஒட்டிக்கிட்டு. விளங்கிச்சா?”

“ஓம் சேர்” என்று வகுப்பே சொல்லும். வேறு ஆசிரியர் என்றால் அத்தோடு அடுத்த பாடத்துக்குப் போயிருப்பார். இவருக்குச் சந்தேகம் வந்துவிடும். இவ்வளவு கெதியாக எப்படி விளங்கும்? உடனே வேறு விதமாகச் சொல்வார். அதில் சோடியம் பஸ்ஸில் இடம் கொடுக்கும் ஆளாக வரும். பிறகு மூன்றாவது விதம். அதில் குளோரீன் பஸ்ஸாகிவிடும். ஒருமுறை ஒரு மாணவி எழுந்து, “சேர், மொதல் தரம் விளங்கின. இப்ப விளங்கல்ல” என்றாள்.

“இப்பதான் புள்ள நீங்க சரியான இடத்துக்கு வந்திருக்கீங்க” என்றார் அவர், மிகுந்த திருப்தியோடு.

இப்படியிருக்கையில் ஒரு பள்ளி விடுமுறையில் அவருக்குச் சவுக்காரம் செய்யும் எண்ணம் வந்தது. தேங்காய் எண்ணெயையும் கொஸ்டிக் சோடா என்னும் காரத்தையும் எங்கள் அறையில் ஒரு பழைய வாளியில் இட்டுக் கலக்கினார். கடையில் விற்கும் சவுக்காரத்துக்கு என்ன குறை என்று கேட்டேன்.

“அதுக்குள்ள என்ன இரிக்கிண்டு எனக்குத் தெரியா தம்பி. இதுக்குள்ள இரிக்கிறதெல்லாம் எனக்குத் தெரியும்” என்றார். சோடா சற்றுக் கூடிவிட்டது என்பது மட்டும் அவருக்குத் தெரியாது. அதைப் போட்டுக் கைகழுவினால் இரண்டு நாளைக்குத் தோல் எரியும்.

அந்த நேரத்தில்தான் எனக்கு வரிப்பத்தான்சேனையில் ஒரு போடியாரின் மகளைப் பேசியிருந்தார்கள். பெரிய வயற்காரர். மாப்பிள்ளையின் இருப்பிடத்தைப் பார்க்க ஒரு சனிக்கிழமை காலை வருவதாகச் சொல்லியனுப்பினார். முதல் நாள் மருதமுனையில் ஒரு கலியாண விருந்து. ஆறு பேர் சுற்றியிருந்து ஒரே தட்டில் சாப்பிடும் சஹனில், பக்கத்திலிருந்தவர் இறைச்சிக்குக் கையை நீட்டியபோது கறிக்கோப்பை சரிந்தது. மஞ்சள் கறி எனது வெள்ளைச் சேட்டின் நெஞ்சில் வழிந்தது. என்னிடம் இருந்த ஒரே வெள்ளைச் சேட்டு அதுதான்.

மறுநாள் நான் முகம் கழுவிவிட்டு வருகிறேன், சேர் தனது சவுக்காரத்தைப் போட்டு எனக்கு உதவி செய்து முடித்திருந்தார். சேட்டு முற்றத்துக் கொடியில் ஈரத்தோடு தொங்கியது. மஞ்சளாக இருந்த கறை இப்போது சிவந்து, நெஞ்சிலிருந்து வயிறு வரைக்கும் இறங்கியிருந்தது. அவர் இடுப்பில் கைவைத்து அதை இரசித்துக்கொண்டு நின்றார். நான் வாய் திறப்பதற்குள் படலையடியில் போடியார்.

அவர் எனக்கு சலாம் சொன்னார். பிறகு சேட்டைப் பார்த்தார்.

“மனே, இதென்ன?”

“மஞ்சள் கறி ஊத்துப்பட்ட, மாமா.”

“மஞ்சள் கறியெண்டா மஞ்சளாத்தானே இரிக்கணும்.”

அப்போது சேர் முன்னால் வந்தார். “பயப்பட ஒண்டுமில்ல போடியார். சின்னத் தாக்கம் ஒண்டு நடந்திருக்கு.”

“ஆரு ஆரத் தாக்கின?”

“காரந்தான். மஞ்சள் சும்மாதான் இருந்த. காரம் போய்ச் சேந்த உடனே தாக்கம் நடந்திட்டு.”

“ஆரு இந்தக் காரம்?”

“நான் செஞ்சதுதான். ரூமுக்குள்ள வெச்சித்தான் செஞ்ச.”

போடியார் என்னைப் பார்த்தார். நான் பனியனோடு நின்றேன். “பொலிசுக்குத் தெரியுமா?” என்று மெதுவாகக் கேட்டார்.

“பொலிசுக்கு இதெல்லாம் எங்க விளங்கப் போகுது? படிச்ச ஆக்களுக்கே விளங்குதில்ல.”

போடியார் தேத்தண்ணீர் குடிக்காமலே போய்விட்டார். நண்பகல் ளுஹர் தொழுகைக்குள் எனக்குக் கத்திக்குத்து விழுந்ததாகக் கதை வந்தது. பின்னேரம் அஸருக்குள் குத்தியது நான் என்று அது மாறியிருந்தது. கலியாணம் முறிந்தது என்று பாண்டிருப்பிலிருந்து வரும் எங்கள் சித்திர ஆசிரியர் வரைக்கும் வந்து அனுதாபம் சொன்னார். நான் சேரோடு கதைப்பதை நிறுத்தினேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அவரும் ஒன்றையும் விளங்கப்படுத்தவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அவரையும் காணவில்லை, சைக்கிளையும் காணவில்லை, சேட்டையும் காணவில்லை. வெயில் சாயத் திரும்பி வந்தார். முகம் கறுத்து, கால் வீங்கியிருந்தது. “எல்லாம் சொல்லிட்டன் தம்பி. அவருக்கு விளங்கல்ல” என்று சொல்லிவிட்டுப் பாயில் விழுந்தார்.

நடந்ததை நான் பிறகு அறிந்தது, கதவுச் சீலைக்குப் பின்னால் நின்று பார்த்தவர் மூலமாக. அவர்தான் இன்று என் மனைவி. சேர் அவ்வளவு தூரம் சைக்கிள் மிதித்துப் போய், போடியார் வீட்டு விறாந்தையில் எனது சேட்டை விரித்துக் காட்டி, குந்தியிருந்து, அவர்களிடமே கொஞ்சம் மஞ்சள் கேட்டு வெள்ளைத் துணியில் பூசினாராம். தனது சவுக்காரத்தைத் தேய்த்தார், சிவந்தது. தேசிக்காய்ப் புளி பிழிந்தார், மஞ்சளானது. மறுபடி சவுக்காரம், மறுபடி தேசிக்காய். வீட்டிலிருந்த தேசிக்காய் முடியும்வரைக்கும் செய்தாராம். போடியார் கடைசியில், “அப்ப வெட்டுப்பட்டது ஆரு?” என்று கேட்டிருக்கிறார்.

சேர் மீண்டும் முதலிலிருந்து தொடங்கப் போகையில் சீலைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. “வாப்பா, காரம் எண்டது ஆளில்ல. அந்தச் சவுக்காரத்தில இரிக்கிற சாமான். அது பட்டா மஞ்சள் செவக்கும். நாங்க பள்ளிக்கூடத்தில படிச்ச. சேர் சொல்லுறது சரி. சொல்லுற விதந்தான் பிழை.”

போடியாருக்கு ஒரே நொடியில் விளங்கிவிட்டது. சேர்தான் திகைத்துப் போய், “இவ்வளவு சுருக்கமாச் சொன்னா எப்பிடி விளங்கும்?” என்று கேட்டாராம். போடியாருக்கு விளங்கவேயில்லை என்று நினைத்துக்கொண்டுதான் அன்று திரும்பி வந்திருக்கிறார்.

கலியாணம் நடந்தது. மறுவருடம் சேர் மாற்றலாகி மன்னார்ப் பக்கம் போய்விட்டார்.

இன்னொரு விஷயத்தை என் மனைவி சொன்னது நாலைந்து வருடங்களுக்குப் பிறகுதான். அந்த ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் ஏறப் போன சேர் திரும்பி வந்து போடியாரிடம் சொன்னாராம்: “அவன் நல்ல பொடியன். அத செஞ்சு காட்ட எனக்கு ஒரு வழியும் தெரியா. நீங்க நம்பத்தான் வேணும்.”

அதைக் கேட்ட அன்றே அவருக்கு மூன்று பக்கத்தில் ஒரு கடிதம் எழுதினேன். இரண்டு கிழமையில் பதில் வந்தது. ‘தம்பி, உங்கள் கடிதத்தை நான்கு தரம் வாசித்தேன். என்ன சொல்ல வருகிறீர்கள் என்று விளங்கவில்லை. ஆனால் நான்கு தரமும் சந்தோஷமாக இருந்தது.’