கரண்டுக்கு ஏது மரியாதை

“டேய் மூக்கா, எங்கடா போயிட்ட?” என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்த அந்தம்மா கேட்டதும், மெஷின் பார்க்கும் பெண்ணுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

பின்னே? எதிரில் நிற்பவர் அந்தம்மாவின் புருஷன். தலை நரைத்த டெய்லர். மூக்கு கொஞ்சம் நீளம்தான், அதற்காக இப்படியா?

மூளைக்காய்ச்சல் வந்து போனதிலிருந்து அந்தம்மாவுக்குப் புருஷன் யாரென்றே தெரியவில்லை. மூளைக்குள் மெல்லிய கம்பி வைத்திருக்கிறார்கள். அதில் கரண்டைக் கூட்டிக் குறைத்து ஞாபகத்தைத் தட்டி எழுப்புவது இந்தப் பெண்ணின் வேலை. “இன்னிக்கும் அவரைத் தெரியலைன்னா நிறுத்திடலாம்” என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

காலையிலேயே டெய்லரிடம் கேட்டிருந்தாள், “அம்மா உங்களை எப்படிக் கூப்பிடுவாங்க?”

“‘என்னங்க’ன்னுதாம்மா. ஒரு வார்த்தை மரியாதை குறைஞ்சு வராது.”

அப்படிப்பட்டவர் வாயிலிருந்தா டேய் வரும்!

“மன்னிச்சிடுங்கய்யா, கரண்ட் ஏறிடுச்சு. சிலருக்கு இப்படிக் கோபம் வரும்.”

“இல்லம்மா, அது வந்து...” டெய்லருக்குக் கண் கலங்கி, காது சிவந்துவிட்டது.

பாவம், மனுஷருக்கு மானம் போய்விட்டதே என்று அவளுக்கு மனசு கேட்கவில்லை. அவசரமாகக் குறைத்தாள்.

“யாருங்க நீங்க? மாத்திரை கொடுக்க வந்தீங்களா?” என்றார் அந்தம்மா.

மரியாதை வந்துவிட்டது, ஆள் போய்விட்டார். கொஞ்சம் கூட்டினாள்.

“அண்ணே, அந்த ஜன்னலைச் சாத்துங்களேன்.”

கட்டின புருஷன் அண்ணனாம்! ஐயையோ என்று இன்னும் கூட்டினாள்.

“டாக்டர் சார், என்னை எப்ப வீட்டுக்கு விடுவீங்க? அங்க யாராவது இருக்காங்களா?”

டெய்லர் ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தார். “போதும்மா. முதல்ல இருந்த மாதிரியே வெச்சிடு.”

“அதெப்படிங்கய்யா? தினமும் உங்களை டேய்னு கூப்பிடுவாங்களே!”

“கூப்பிடட்டுமே” என்றார், தரையைப் பார்த்தபடி.

மனுஷருக்கு மனசு விட்டுப்போய்விட்டது என்று நினைத்ததும் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து அந்தம்மாவின் தங்கை ஃப்ளாஸ்க்கோடு உள்ளே வந்தாள். மெஷின் பார்க்கும் பெண் நடந்ததையெல்லாம் அவளிடம் கொட்டித் தீர்த்தாள். தங்கை தன் அத்தானைப் பார்த்தாள். அவர் இன்னும் தலை நிமிரவில்லை.

“அடப் பாவமே, நாலு பேர் முன்னாலதாம்மா அக்காவுக்கு இவர் ‘என்னங்க’. கதவைச் சாத்திட்டா, கல்யாணமான நாள்லேர்ந்து இவர் மூக்கன்தான்!”