பருப்புக்கு ஆயுத பூஜை செய்தவர்

செங்கல்பட்டில் துவரம்பருப்புப் பாக்கெட்டுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து ஆயுத பூஜை செய்த ஒரே மனிதர், எங்கள் பக்கத்துப் போர்ஷனில் குடியிருந்த, நாங்கள் 'அரைக்கிலோ' என்று கூப்பிடுகிறவர்தான். பாக்கெட்டுக்குப் பக்கத்தில் ஒரு துப்பாக்கியும் இருக்கும். ஆனால் மாலை பருப்புக்குத்தான்.

துப்பாக்கி என்றதும் பதறாதீர்கள். காற்றழுத்தத்தால் சுடும் பிஸ்டல். பத்து மீட்டர் தள்ளி அட்டையில் போட்ட பொட்டைச் சுடுகிற போட்டிக்கானது. அதன் விசையில் அரைக்கிலோ எடையைத் தொங்கவிட்டாலும் விசை விழக் கூடாது என்பது விதி. விழுந்தால் ஆட்டத்திலிருந்தே தூக்கிவிடுவார்கள். ஆனால் விசை எவ்வளவு லேசோ, குறி அவ்வளவு சுத்தம். ஆகவே சரியாக அரைக்கிலோவைத் தாங்க வேண்டும், அதற்கு மேல் ஒரு பருக்கைகூடக் கூடாது என்று ராப்பகலாக மன்றாடிக்கொண்டிருந்தார் மனுஷன்.

காரணம் இருந்தது. சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வருஷக்கணக்காகக் கான்ட்ராக்ட் வேலை. மேனேஜர் ஒருநாள் டீ குடிக்கிற ஜோரில், "ஸ்டேட் மெடல் எடுத்துட்டு வாய்யா, உன்னைப் பர்மனென்ட் பண்ணிடறேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். போகிற போக்கில் சொல்வதையும் நம்புகிற ஜென்மங்கள் உண்டு என்பது எந்த மேனேஜருக்குத் தெரிந்திருக்கிறது?

வேலை விட்டு வந்ததும் பிஸ்டலைப் பிரித்துப் போட்டு உப்புத்தாளால் தேய்ப்பார். என் வீட்டுப் பேனா ஒன்றிலும் ஸ்பிரிங் கிடையாது; எல்லாம் அந்த விசைக்குள் போய்விட்டது. கையெழுத்துப் போட எடுத்தால் ரீஃபில் உள்ளே ஓடி ஒளிந்துகொள்ளும். ஒருமுறை கைப்பிடியைத் தன் கைக்கு அச்சாக வார்க்கிறேன் என்று, குழாய் ஒழுகலை அடைக்கிற பசையை அப்பிப் பிடித்துக்கொண்டார். அது காய்ந்து கையோடு ஒட்டிக்கொண்டது. பிஸ்டலும் கையுமாக அவர் ஆஸ்பத்திரிக்கு நடந்தபோது பஸ் ஸ்டாண்டே காலியாகிவிட்டது.

விசையைச் சோதிக்கத்தான் பருப்பு. விசையில் பாக்கெட்டைக் கட்டித் தூக்கிப் பார்ப்பார். 'டிக்' என்று விழுந்தால் வேறு ஸ்பிரிங், மறுபடி தேய்ப்பு. வாடகை கேட்க வந்த வீட்டுக்காரர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இன்னாபா இது, பருப்பத் தூக்குல போட்டுகினு கீற?"

எனக்கும் பொறுக்கவில்லை. "ஒரு எடைக்கல் வாங்கித் தொலையேன்" என்றேன்.

"எதுக்கு அண்ணாத்த? கருங்குழில என் தங்கச்சி வூட்டுக்காரரு மளிகைக் கடை வச்சினு கீறாரு. அவரே கட்டிக் குடுக்குற பாக்கெட்டு. மச்சான் எனக்குப் போயி எடை கொறைப்பாரா?"

வண்டு வைக்காமலிருக்க மாதாமாதம் புதுப் பாக்கெட் வரும். பழையது சாம்பாராகும்.

மாமல்லபுரம் ரோட்டில் ஒரு ஹாலில் ஸ்டேட் போட்டி. நானும் கூடப் போனேன். பேனா ஸ்பிரிங் கொடுத்தவன் ஆயிற்றே! மனுஷன் சிலையாக நின்று சுட்டார். குண்டுகள் எல்லாம் போன குண்டின் ஓட்டையிலேயே புகுந்த மாதிரி இருந்தது. முதலிடம். நான் விசில் அடித்தேன்.

அதற்குப் பிறகு சீட்டுக் குலுக்கிச் சிலருடைய துப்பாக்கியைச் சோதிப்பார்களாம். அவர் பெயர் வந்தது. அதிகாரி தன் எடையைத் தொங்கவிட்டுத் தூக்கினார்.

'டிக்.'

தினமும் சுவருக்கு அப்பாலிருந்து கேட்ட அதே பாழாய்ப்போன சத்தம். மெடல் அடுத்தவன் கழுத்துக்குப் போய்விட்டது.

பையில் பருப்புப் பாக்கெட் இருந்தது. ராசிக்காக எடுத்து வந்திருந்தார். வெளியே வந்ததும், கடற்கரையில் மீன் விற்கிற அம்மாளின் மின்தராசில் அதை வைத்தார்.

"இன்னா நைனா, நானூத்தி அறுபதுதான் காட்டுது. எவன்கிட்ட ஏமாந்த?"

நான்தான் குதித்தேன். "புகார் கொடுப்போம், கடையைச் சீல் வைக்கட்டும்! உன் சோத்துல மண்ணைப் போட்டுட்டானே படுபாவி!"

"வுடு அண்ணாத்த. அந்தக் கடையிலதான் என் தங்கச்சி சோறு துன்னுது."

மேனேஜருக்குத் தான் சொன்னதே ஞாபகமில்லை. கான்ட்ராக்டும் அந்த வருஷத்தோடு முடிந்தது. எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

போட்டி முடிந்த வாரமே அவர் தங்கை ஆறுதல் சொல்ல வந்தாள், கையில் அரைக்கிலோ பருப்புப் பாக்கெட்டோடு. "வேலையத்த வேலை உனக்கு எதுக்குண்ணான்னு அவரு அப்பவே சொன்னாரு. எப்டிண்ணா தோத்த?"

எனக்கு உண்மை நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அரைக்கிலோ என் காலை மிதித்தார்.

"கை நடுங்கிடுச்சிம்மா" என்று சொல்லிப் பாக்கெட்டை வாங்கி வைத்துக்கொண்டார்.

தங்கச்சி, நீ இதைப் படிப்பாயோ மாட்டாயோ தெரியாது. அன்றைக்கு உன் அண்ணன் கை நடுங்கவே இல்லையம்மா.